நான்கு பச்சைக் கோடுகள்

ஷாநவாஸ் பயந்த சுபாவம் உள்ளவர் என்று சொன்னால் கோயமுத்தூர் உக்கடத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள். அவரே மறுக்க மாட்டார். லிஃப்டில் ஏற மாட்டார். மேம்பாலத்தில் ஓரமாக வண்டி ஓட்ட மாட்டார். வீட்டில் கேஸ் சிலிண்டர் தீர்ந்தால் மனைவி பக்ருன்னிசாவை மாற்றச் சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொள்வார். அந்த அம்மாள் மாற்றி முடித்துக் குரல் கொடுத்த பிறகுதான் உள்ளே வருவார். இப்படிப்பட்ட மனிதர் இருபத்தாறு வருடமாக டீசல் மெக்கானிக்காகப் பிழைக்கிறார் என்பதுதான் வேடிக்கை.

அந்தப் பயத்தில் ஒரு பகுதிக்கு நியாயம் உண்டு. இப்போது வரும் வண்டிகளில் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஸ்கேனரைச் சொருகினால் எந்த இடத்தில் கோளாறு என்று அதுவே சொல்லிவிடும். பழைய டீசல் என்ஜினுக்கு அந்தப் பேச்சே கிடையாது. நாலு சிலிண்டரில் எது வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க ஒரே வழி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு டீசல் குழாயின் நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திப் பார்ப்பது. தளர்த்தியதும் என்ஜின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் நல்லது. தடுமாறாமல் அதே மாதிரி ஓடினால், பிடித்தாயிற்று, அதுதான் திருடன். வழி சுலபம். ஆனால் அந்தக் குழாய்க்குள் டீசல் சாதாரணமாக நிற்பதில்லை, தோலைத் துளைக்கிற அழுத்தத்தில் நிற்கிறது.

ஷாநவாஸின் அண்ணன் சஹீரும் ஒரு காலத்தில் மெக்கானிக்தான். ஒருநாள் இப்படி நட்டைத் தளர்த்தும்போது நூல் மாதிரி ஒரு பீய்ச்சல் அவர் ஆள்காட்டி விரலில் பட்டது. குண்டூசி குத்தியது போல ஒரு புள்ளி, அவ்வளவுதான். சஹீர் சிரித்துக்கொண்டே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். விடிந்தபோது கை முழங்கை வரை வீங்கியிருந்தது. விரலை எடுக்க வேண்டியதாயிற்று. சஹீர் இன்றைக்கு மொபைல் கவர் விற்கும் கடை வைத்து நிம்மதியாக இருக்கிறார். நிம்மதி போனது தம்பிக்குத்தான். அதன் பிறகு அந்த நட்டில் ஸ்பேனரை வைக்கும்போதெல்லாம் ஷாநவாஸின் முதுகு வேர்க்கும்.

பயந்தவர்கள் சும்மா இருப்பதில்லை. நட்டைத் தொடாமலே கண்டுபிடிக்க ஏதாவது வழி வேண்டும் என்று மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டார். போனில் வீடியோ பார்த்தார். பிறந்தநாள் வாழ்த்து அட்டையைத் திறந்தால் பாட்டுப் பாடுமே, அதற்குள் இருக்கும் மெல்லிய பித்தளை வில்லையைப் போல நாலு வில்லைகள் வாங்கினார். அழுத்தம் பட்டால் அதில் துளி மின்சாரம் பிறக்கும். ஒவ்வொன்றையும், ரப்பர் குழாயை இறுக்க மாட்டும் ஒரு சின்ன ஹோஸ் கிளிப்புக்குள் ரப்பர் வைத்து ஒட்டினார். கிளிப்பை டீசல் குழாயில் மாட்டினால், உள்ளே டீசல் பாயும் ஒவ்வொரு தடவையும் குழாய் மயிரிழை அளவு விம்மும், வில்லை அதைச் சொல்லும். நாலு கிளிப்பிலிருந்தும் ஒயர் இழுத்து, மகள் ஆஃப்ரின் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன பழைய ரோஸ் நிற டிபன் பாக்ஸுக்குள் ஒரு சர்க்யூட் போர்டில் கொடுத்தார். மூடியில் சின்னத் திரை. பாலிடெக்னிக் முடித்த ஆஃப்ரின் அதற்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். திரையில் நாலு கோடுகள் எழும்பும். நாலும் ஒரே உயரத்தில் பச்சையாக நின்றால் என்ஜின் சுகம். ஏதாவது குட்டையானால் அது சிவக்கும்.

முதலில் பட்டறைச் சத்தத்தையெல்லாம் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பெட்டி உளறியது. அதற்கும் ஆஃப்ரின் ஒரு வைத்தியம் செய்தாள். என்ஜின் சுற்றும் வேகத்தோடு ஒத்துப்போகும் துடிப்பை மட்டும் பெட்டி எடுத்துக்கொள்ளும், மற்றதையெல்லாம் தள்ளிவிடும். அதன் பிறகு டெம்போ, வேன், டிராக்டர் என்று முப்பத்தேழு என்ஜின்களில் வைத்துப் பார்த்தார். ஒன்றில்கூடத் தப்பவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஷாநவாஸ் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார். உக்கடத்துப் பட்டறைக்காரர்கள் "டிபன் பாக்ஸ் டாக்டர்" என்று கேலி செய்தபோது வெளியில் முறைத்தாலும் உள்ளுக்குள் குளிர்ந்து போனார்.

போன வருடம் ஆடி மாதம், பேய்க்காற்று அடித்த ஒரு மத்தியானம், கிணத்துக்கடவுக்குப் பக்கத்திலிருந்து சாமியாத்தாள் போன் செய்தார். அவர் கணவர் திருமூர்த்தியின் டிராக்டரைத்தான் இரண்டு மாதத்துக்கு முன் ஷாநவாஸ் இந்தப் பெட்டி வைத்துச் சரி செய்திருந்தார்.

"ஏனுங்க பாய், கொஞ்சம் உடனே வாரீங்களா? காத்துல தென்னை முறிஞ்சு லைன் மேல உளுந்து டிரான்ஸ்பார்மரே போயிருச்சுங்க. சாயங்காலம் பொழுதோடதான் கரண்ட்டு வரும்ங்கறாங்க. ஜெனரேட்டருதான் ஓடுது, அது ஒரு மாதிரி இளைக்குது. அவுருக்கு ஆக்ஸிஜன் மெசினு அதுலதானுங்க ஓடுது."

திருமூர்த்திக்கு நுரையீரல் பழுது. இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு முந்தைய வாரம்தான் வீட்டுக்கு வந்திருந்தார். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு மெஷின் கட்டில் பக்கத்தில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றால், வீட்டில் இருந்த சின்ன சிலிண்டரில் கால் மணி நேரத்துக்குத்தான் ஆக்ஸிஜன். பெரிய சிலிண்டரை நிரப்ப உறவுக்காரர் ஒருவர் கோயமுத்தூருக்குக் கொண்டுபோயிருந்தார்.

 வண்டி பழுதானால் நடுரோட்டில் நிற்கும், அவ்வளவுதான். மனிதனின் மூச்சோடு கட்டிய என்ஜினில் ஷாநவாஸ் இதுவரை கை வைத்ததில்லை. வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. டிபன் பாக்ஸ் மேஜை மேல் இருந்தது. அதைப் பார்த்ததும் தைரியம் வந்தது. "இதா கெளம்பிட்டேனுங்க்கா" என்று சொல்லிவிட்டு, காற்று தள்ளத் தள்ளப் பொள்ளாச்சி ரோட்டில் டூவீலரை விட்டார்.

தோட்டத்தில் தென்னை நார் மில்லுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் பழைய லாரி என்ஜின் ஒன்றை இறக்கி, கரண்ட் எடுக்கும் பெரிய ஆல்டர்னேட்டரோடு கோத்த ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்று சொல்வதைவிடத் திணறியது என்று சொல்லலாம். சத்தம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். புகைக்குழாயில் வெள்ளையாக வந்தது. கொட்டகைக்கு எதிரிலேயே வீடு. திறந்த ஜன்னல் வழியாகத் திருமூர்த்தி படுத்திருக்கும் கட்டிலும், மூக்கில் செருகிய குழாயும் தெரிந்தன. இந்தப் பக்கம் சத்தம் இறங்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் மெஷின் கீச் கீச் என்று கத்தியது.

சாமியாத்தாள் கையில் போனை வைத்துக்கொண்டு நின்றார். "பொள்ளாச்சியில இருந்து ஆம்புலன்சுக்குச் சொல்லி வெச்சிருக்கறனுங்க. அவுரு வர மாட்டேங்கறாரு, செத்தாலும் இங்கயே சாவறேன், ஆசுபத்திரி வேண்டாம்ங்கறாரு. ஆம்புலன்சுக்காரரு வரட்டுமா, வேண்டாமா, இப்பவே சொல்லுங்க, இல்லீன்னா வேற பக்கம் போகோணும்ங்கறாரு. நீங்க பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொல்றதுதான்."

நீங்கள் சொல்வதுதான் என்று யாராவது சொன்னால் ஷாநவாஸ் பக்கத்தில் வேறு ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பார். என்ஜினை நிறுத்தக் கூடாது. நட்டைத் தளர்த்தினால் நின்றாலும் நின்றுவிடும். இதற்காகவே பிறந்த மாதிரி இருந்தது அவருடைய பெட்டி. நாலு குழாயிலும் நாலு கிளிப்பை மாட்டினார். திரையைப் போட்டார். 

நாலு கோடுகள் எழுந்தன. நாலும் பச்சை. நாலும் ஒரே உயரம். இத்தனை அழகான கோடுகளை அவர் முப்பத்தேழு என்ஜின்களிலும் பார்த்ததில்லை.

அவருடைய காது வேறு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருடக் காது அது. ஆனால் பயத்தில் இருப்பவன் தனக்குப் பிடித்த சாட்சியைத்தான் நம்புவான். என்ஜினில் கோளாறில்லை, கரண்ட் லோடு ஏறி இறங்குவதால் இளைக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"ஒண்ணும் பயமில்லீங்க்கா. நாலு சிலிண்டரும் நல்லா இருக்குது. பொழுதோட வரைக்கும் தாராளமா ஓடும். ஃபிரிட்ஜு, மோட்டாரு எதையும் போடாம இருங்க, போதும்."

சாமியாத்தாளின் முகம் தளர்ந்தது. அங்கேயே போனில் ஆம்புலன்ஸ்காரரிடம், "வேண்டாமுங்க, மெசினு நல்லா இருக்குதாமா" என்று சொன்னார். பிறகு, "அப்பாடா, காத்தால இருந்து ஒரு வாய் தண்ணி எறங்கல பாய். இருங்க, காப்பி வெச்சுட்டு வாரேன்" என்று சமையலறைக்குப் போனார்.

ஷாநவாஸ் கிளிப்புகளைக் கழற்றினார். நாலு ஒயரையும் சுருட்டி இடது கையில் பிடித்துக்கொண்டு பெட்டியை அணைக்கப் போனார். விரல் அப்படியே நின்றுவிட்டது.

திரையில் நாலு பச்சைக் கோடுகள் நின்றுகொண்டிருந்தன. கிளிப்புகள் கையில் தொங்குகின்றன, எந்தக் குழாயிலும் எதுவும் இல்லை, பெட்டி மட்டும் என்ஜின் சுகம் என்கிறது.

உடம்பெல்லாம் ஜில்லிட்டுப் போனது. ஒயரோடு ஆல்டர்னேட்டர் பக்கம் ஒரு அடி போனார். கோடுகள் இன்னும் உயர்ந்தன. கொட்டகை வாசலுக்கு வந்தார். கோடுகள் தாழ்ந்தன. புரிந்துவிட்டது. பெட்டி இவ்வளவு நேரம் படித்தது டீசலை அல்ல. பக்கத்தில் சுற்றும் ஆல்டர்னேட்டரின் கரண்ட்டை ஒயர்கள் காற்றிலிருந்தே வாங்கிக்கொண்டிருந்தன. என்ஜின் வேகத்தோடு ஒத்துப்போகாததைத்தான் பெட்டி தள்ளிவிடும். இங்கே கரண்ட்டைப் பிறப்பிப்பதே அந்த என்ஜின். இரண்டும் ஒரே தண்டில் கோத்தவை, ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? முப்பத்தேழு என்ஜின்களில் ஒன்றுகூட ஜெனரேட்டர் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"யா அல்லாஹ்" என்று வாய் முணுமுணுத்தது. ஆம்புலன்ஸ் வேறு பக்கம் போயிருக்கும். என்ஜின் முன்னைவிட மோசமாக இளைத்தது. ஜன்னலுக்குள் திருமூர்த்தியின் நெஞ்சு ஏறி இறங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஓடிப்போய், "அக்கா, தப்பாச் சொல்லிட்டேன், மறுபடி ஆம்புலன்சுக்கு அடிங்க" என்று சொல்ல வேண்டும். பத்து அடி தூரம். சமையலறையில் டம்ளர் சத்தம் கேட்டது. அந்தத் தளர்ந்த முகத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்று நினைத்ததும் கால் எழவில்லை. அன்றைக்கு அவருக்குள் இரண்டு பயங்கள் நின்றன. ஒன்று நட்டைத் தொடும் பயம், இன்னொன்று அந்த அம்மாளிடம் சொல்லும் பயம். இரண்டில் நட்டு சின்னதாகத் தெரிந்தது. கோழை, நட்டைத் தேர்ந்தெடுத்தார்.

ஒயர்களைத் தரையில் போட்டுவிட்டு ஒரு துணியைக் கையில் சுற்றிக்கொண்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு முதல் நட்டில் ஸ்பேனரை வைத்து அரைக்கால் சுற்றுத் திருப்பினார். என்ஜின் தடாலென்று விழுந்தது. உள்ளே மெஷின் விடாமல் கத்தியது. நின்றுவிட்டது என்றே நினைத்தார். நட்டை மறுபடி முடுக்கினார், மூச்சு வந்தது, என்ஜினுக்கும் அவருக்கும். இரண்டாவது நட்டிலும் அதே கதை. இந்தத் தடவை டீசல் துணியை நனைத்தது. சஹீரின் விரல் இல்லாத கை கண்ணுக்குள் வந்து நின்றது. துணிக்கு அடியில் ஏதாவது குத்தியதா என்று பார்க்கக்கூட நேரமில்லை.

மூன்றாவது நட்டைத் திருப்பினார். சத்தம் மாறவில்லை. அங்கே டீசல் பீய்ச்சவும் இல்லை. சோப்பு நுரை மாதிரி குமிழ் குமிழாக வந்தது.

காற்று. டீசல் வரும் வழியில் எங்கேயோ காற்றை உறிஞ்சுகிறது. ஒரு சிலிண்டருக்கு வந்துவிட்டது, மற்ற மூன்றுக்கும் வர அதிக நேரம் பிடிக்காது. வந்தால் என்ஜின் நின்றுவிடும், கால் மணி நேரத்துக்குள் மறுபடி கிளப்ப முடியுமா என்பது இறைவனுக்கே வெளிச்சம்.

டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸைக் கையால் தடவிக்கொண்டே போனார். பம்புக்குப் பக்கத்தில் ஹோஸைப் பொருத்திய இடத்தில் கிளிப் இல்லை. யாரோ எப்போதோ கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கிவிட்டிருந்தார்கள். நாள்பட்ட அதிர்வில் அது தொளதொளவென்று கிடந்தது. அந்த இடத்தை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தார். ஐந்து விநாடி, பத்து விநாடி. இளைப்பு குறைந்தது. விரலை எடுத்தார், மறுபடி இளைத்தது.

பையில் ஹோஸ் கிளிப் தேடினார். கிடையாது. தரையில் கிடந்த தன் பெட்டியின் கிளிப் ஒன்றை எடுத்து, பித்தளை வில்லையைப் பிய்த்து எறிந்தார். கிளிப்பின் திருகை முழுக்கக் கழற்றி விரித்து, ஹோஸைச் சுற்றி வளைத்து மாட்டினார். பக்கத்தில் ஃபேன் பெல்ட் ஓடுகிறது. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஸ்குரூ டிரைவரால் முடுக்கினார். இரண்டு தடவை டிரைவர் வழுக்கியது. மூன்றாவது தடவை பிடித்தது. பிறகு மூன்றாவது நட்டில் நுரை தீர்ந்து டீசல் வரும் வரை காத்திருந்து அதையும் முடுக்கினார்.

என்ஜின் சீராயிற்று. வெள்ளைப் புகை நின்றது. ஜன்னலுக்குள் மெஷின் கத்துவதை நிறுத்திவிட்டுத் தன்பாட்டில் மூச்சு விட்டது. ஷாநவாஸ் டீசல் டின்மேல் உட்கார்ந்து உள்ளங்கையை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். புள்ளி எதுவும் இல்லை. இருந்தும் நாலு நாள் அந்தக் கையை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

சாமியாத்தாள் காப்பியோடு வந்தார். டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"அடடா, சத்தமே மாறிப்போச்சுங்களே பாய்! கொஞ்ச முன்ன வரைக்கும் கத்திட்டு இருந்துச்சு. நீங்க ஏதோ பண்ணிப் பாக்கறீங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்." ஹோஸில் மாட்டியிருந்த கிளிப்பை அவருக்கு அடையாளம் தெரிந்தது. டிராக்டரில் பார்த்ததுதான். "உங்க பொட்டி கண்டுபுடிச்சு அதுவே செரியும் பண்ணிப்போடுச்சாட்ட இருக்குது. மவராசனா இருங்க. அவுரு உசுரே இந்தப் பொட்டியிலதானுங்க நின்னுச்சு. மண்டபத்துக்கெல்லாம் ஜெனரேட்டர் வாடகைக்கு உடறாரு எங்க பங்காரு மாமா, அவுருகிட்டச் சொல்லி இதே மாதிரி ஒண்ணு வாங்கச் சொல்றேன்."

சும்மா இருந்திருக்கலாம். தலையை ஆட்டிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போயிருக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பங்காரு மாமாவின் ஜெனரேட்டர் பக்கத்தில் நாலு பச்சைக் கோடுகள் எழும்புவதை நினைத்ததும் அவருக்கு மறுபடி ஜில்லிட்டது.

"வேண்டாமுங்க்கா." டம்ளரோடு எழுந்து நின்றார். "பொட்டி தப்பாச் சொல்லுச்சுங்க. அத நம்பி நானும் உங்ககிட்ட நல்லா இருக்குதுன்னு சொல்லிப்போட்டேன். நீங்க ஆம்புலன்ச வேண்டாம்னு சொல்லீட்டு உள்ள போன பொறகுதான் எனக்கே தெரிஞ்சுது. காத்து இழுத்துட்டு இருந்துச்சுங்க. எந்த நிமிசமும் நின்னிருக்கும். கையாலதானுங்க புடிச்சேன். இப்ப நல்லா இருக்குது, அல்லா மேல ஆணையா நல்லா இருக்குது."

திட்டுவார் என்று காத்திருந்தார். அடித்தாலும் வாங்கிக்கொள்ளும் நிலையில் இருந்தார். சாமியாத்தாள் என்ஜினைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"தப்பு ஆருக்கும் வரும் பாய். மெசினுதானே" என்றார் மெதுவாக. "தெரிஞ்ச ஒடனே என்னயக் கூப்புட்டிருக்கலாமல்லங்க?"

"பயமா இருந்துச்சுங்க்கா."

"எம்மட்டு நேரம்?"

"இருவது நிமிசம் இருக்குமுங்க."

"அவுரு சாவக் கெடந்த இருவது நிமிசம், நான் அவுரு கையப் புடிச்சுட்டுப் பக்கத்துல உக்காந்திருப்பேன். உங்களுக்குச் சக்கர எத்தனை போடறதுன்னு யோசிச்சுட்டு அடுப்படியில நின்னுட்டு இருந்தனுங்க."

சாமியாத்தாள் வீட்டுக்குள் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். ஷாநவாஸ் கரண்ட் வரும் வரை கொட்டகையை விட்டு நகரவில்லை. அந்தக் காப்பியை அவர் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.